அரை மணி நேரத்துக்குக் காசு கொடுங்கள்

புரட்டாசி பிறந்துவிட்டால் தாம்பரம் பக்கம் ஜேசிபி கிடைப்பது குதிரைக்கொம்பு. மழைக்கு முன்னால் கால்வாய் தூர்வார வேண்டும், ஏரிக்கரைச் சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்க வேண்டும், வருடக்கணக்கில் புதர் மண்டிக் கிடந்த மனையை ஒரே நாளில் சுத்தம் செய்து தர வேண்டும். 2015 டிசம்பரில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டி, முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு ஐப்பசி நெருங்கினாலே வயிற்றைக் கலக்கும். அவசரம் நியாயமானதுதான்.

முடிச்சூரிலிருந்து படப்பை வரை ஜேசிபியும் பொக்லைனும் பழுதுபார்ப்பது என் பிழைப்பு. வேலைக்கு இறங்குகிற வண்டிகளில், ஏதாவது ஒரு மூலையில் ஹைட்ராலிக் ஆயில் சொட்டாத வண்டியை அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். இதற்கு ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தைக் குறைசொல்லிப் பயனில்லை. வாடகை பேசுகிற விதத்தில்தான் கோளாறு.

நமக்கு எல்லாமே மணிக்கணக்கு. பக்கெட் ஏறி இறங்கினால் காசு, வண்டி நின்றால் நஷ்டம். காலையில் ஒரு ஃபிட்டிங் கசிகிறது என்று ஆபரேட்டர் போனில் சொன்னால், ஓனர் சொல்லும் பதில் எனக்கு மனப்பாடம்: "ஆயில ஊத்தி ஓட்டுப்பா, சாயந்திரம் பாத்துக்கலாம்." சாயந்திரம் இருட்டிவிடும். மறுநாள் வேறு சைட். சீட்டுக்குப் பின்னால் ஒரு ஆயில் கேன் நிரந்தரமாகக் குடியேறிவிடும்.

சின்ன லீக்கைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை, பொறுமைதான் வேண்டும். ஈரம் தெரிகிற இடத்தில் ஸ்பேனரை வைப்பதுதான் எல்லாரும் செய்வது. ஆனால் எண்ணெய் வழிந்து இறங்கும் குணமுள்ளது. வண்டியின் நீள்கையான பூமின் உச்சியில் கசிவது, கீழே அது திரும்பும் கிங்போஸ்ட் அடியில்தான் சொட்டும். அதோடு புழுதி சேர்ந்துவிட்டால் அந்தப் பக்கம் முழுக்கக் கறுப்புச் சேறு. முதலில் துடைத்துக் காயவைக்க வேண்டும். பிறகு சந்தேகப்படும் ஃபிட்டிங்குகளின் மேல் குழந்தைக்குப் போடும் பவுடரைத் தூவி, வண்டியைச் சூடேற்றி ஓட்டிப் பார்த்தால், எது முதலில் நனைகிறதோ அதுதான் குற்றவாளி. அதற்கும் கீழே நனைவதெல்லாம் வெறும் வழித்தடம்.

இறுக்கினால் நிற்கும் என்று நம்பி மேலும் மேலும் இறுக்குகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். இறுகிப்போன பழைய ஓ-ரிங்கை எவ்வளவு முறுக்கினாலும் இளகாது. நட்டுதான் வாய் பிளக்கும். சிலர் குழாய்க்காரர் போல் டெஃப்லான் டேப் சுற்றுகிறார்கள். அதன் துணுக்கு பிய்ந்து வால்வுக்குள் போனால் லீக்கைவிடப் பெரிய செலவு. சிலிண்டர் ராடில் மெல்லிய பளபளப்பு இருப்பது இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம். சொட்டினால்தான் சீல் போயிருக்கிறது. அப்போதும் எஞ்சினை அணைத்துவிட்டு ராடை விரலால் தடவிக் கீறல் இருக்கிறதா என்று பார்க்காமல் புது சீல் கிட் போட்டால், அந்தக் கீறலே புது சீலையும் அரைத்துவிடும். கருவேலம் பிடுங்குகிற வண்டியில் ஹோஸ்தான் முதலில் அடிவாங்கும். முள்ளைவிடக் கிளை மோசம்: ஹோஸுக்கும் இரும்புக்கும் இடையில் புகுந்து இழுத்துவிடும். மேல் ரப்பர் தேய்ந்து உள்ளே கம்பி தெரிந்தால், கசியும் வரை காத்திருக்கக் கூடாது.

லீக்கே இல்லாத லீக்கும் உண்டு. சிலிண்டர்கள் நீண்டிருக்கும்போது டேங்கில் மட்டம் குறைவாகத்தான் காட்டும். அதைப் பார்த்து ஆபரேட்டர் நிரப்பிவிடுவார், சிலிண்டர் மடங்கியதும் மிச்சம் டேங்கின் காற்றுத் துளையான பிரீதர் வழியாகப் பொங்கும். "டேங்க் லீக்" என்று எனக்குப் போன் வரும். இதற்கு நேர்மாறானது பம்புக்குப் போகிற உறிஞ்சு குழாயில் விழும் ஓட்டை. ஓடும்போது அங்கே ஒரு சொட்டும் விழாது, காற்றைத்தான் உள்ளே இழுக்கும். ஆயில் நுரைக்கும், பம்பு ஊளையிடும். சொட்டவில்லையே என்று நிம்மதியாக இருந்தவர் பம்பையே மாற்ற வேண்டியிருக்கும்.

எந்தக் காரணத்துக்கும் கையால் தடவி லீக் தேடாதீர்கள். ஓடும் வண்டியில் ஆயில் அழுத்தம் 200 பாருக்கு மேல் ஏறக்கூடும். ஊசிமுனை ஓட்டையிலிருந்து பீய்ச்சும் ஆயில் கண்ணுக்கே தெரியாது, தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியில் ஒரு முள் குத்திய தடம்தான் இருக்கும், முதலில் வலியும் அதிகம் தெரியாது. ஆனால் அது சில மணி நேரத்துக்குள் அறுவை செய்ய வேண்டிய காயம், தாமதித்தால் விரலே போகும். மருத்துவரிடம் "முள் குத்திடுச்சு" என்று சொல்லக் கூடாது, ஹைட்ராலிக் ஆயில் அழுத்தத்தில் ஏறியது என்று சொல்ல வேண்டும். லீக் தேட ஒரு அட்டைத் துண்டை நீட்டிப் பார்த்தால் போதும், அட்டையில் ஈரக்கோடு விழும். கழற்றுவதற்கு முன் பக்கெட்டைத் தரையில் வைத்து, எஞ்சினை அணைத்து, லீவர்களை எல்லாப் பக்கமும் அசைத்து அழுத்தத்தை விடுவிக்க வேண்டும். இதையெல்லாம் நிதானமாகச் செய்ய அரை மணியாவது பிடிக்கும். அந்த அரை மணியைத்தான் யாரும் தருவதில்லை.

கணக்குப் பார்ப்போம். 20 சொட்டு சுமார் ஒரு மில்லிலிட்டர். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் மணிக்கு 180 மில்லி, எட்டு மணி நேர வேலையில் கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர். லிட்டர் 200 ரூபாய் என்று வைத்தால், மாதம் 25 நாளுக்கு ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் மண்ணில் போகிறது. அதைத் தடுக்கும் ஓ-ரிங் ஒரு சாப்பாட்டு விலைகூட இருக்காது.

ஓனர் பணம் அவர் பாடு என்று விட்டுவிடலாம். ஆனால் அந்த மண் யாருடையது? 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும், 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகம் கறுத்தபோதும் நாடே பார்த்தது. ஏரி தூர்வாரும் வண்டியே ஏரிக்குள் சொட்டுவதைப் படம் பிடிக்க யாரும் வருவதில்லை. சிட்லபாக்கம் ஏரிக்காக மக்களே மண்வெட்டியோடு இறங்கியிருக்கிறார்கள். செம்பாக்கம் ஏரியை மீட்கத் தன்னார்வ அமைப்புகள் உழைத்திருக்கின்றன. செம்பாக்கத்து உபரி நீர் போய்ச்சேரும் பள்ளிக்கரணை, 2022 முதல் ராம்சர் பட்டியலில் உள்ள சதுப்பு நிலம். பயன்படுத்திய எண்ணெயை 2016-ஆம் ஆண்டு விதிகள் அபாயக் கழிவு என்கின்றன. நம் சைட்டுகளில் ஆயில் துடைத்த துணி கருவேலங்குச்சிகளோடு சேர்ந்து எரிகிறது.

ஜெர்மனி, ஸ்வீடன் காடுகளில் மண்ணில் மட்கும் தாவர எண்ணெயை ஹைட்ராலிக்கில் ஊற்றுகிறார்களாம். அந்த விலையை நம் சின்ன ஓனர்கள் தாங்க மாட்டார்கள், நான் கேட்பதும் அதில்லை. தாம்பரம் மாநகராட்சியும் நீர்வளத் துறையும் ஏரி, கால்வாய் வேலைக்கு ஒப்பந்தம் போடும்போது, தினமும் காலையில் வண்டியைச் சோதிக்க அரை மணி நேரத்துக்கு முழு வாடகை என்று எழுத வேண்டும். கூடவே ஒரு தகரத் தட்டும், மரத்தூள் மூட்டை ஒன்றும் சைட்டில் இருக்க வேண்டும். மனை சுத்தம் செய்யக் கூப்பிடும் வீட்டுக்காரர்களும் இப்படியே பேசலாம். வாடகையை நூறு குறைக்கப் பேரம் பேசிவிட்டு, கிணற்றுப் பக்கத்தில் ஆயில் மிதக்கிறது என்று பிறகு சண்டை போடுவதைவிட இது மலிவு.

சும்மா அரை மணிக்குக் காசு கொடுத்தால் ஆபரேட்டர் டீக்கடையில் உட்கார்ந்துவிடுவார் என்று ஒப்பந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். உட்காரட்டும். ராத்திரி வண்டியை நிறுத்தும்போது பம்புக்கும் வால்வுக்கும் அடியில் ஒரு அட்டையை விரித்துவைக்கச் சொல்லுங்கள், காலையில் சோதனை ஓட்டத்தின்போதும் அது அங்கேயே கிடக்கட்டும். அட்டை காய்ந்திருந்தால் அந்த அரை மணிக்குக் கூலி உண்டு. நனைந்திருந்தால், சரிசெய்யும் வரை வண்டி ஏரிக்குள் இறங்கக் கூடாது, மீட்டரும் ஓடக் கூடாது.