ஐந்தாண்டுக்கு ஒரு கையெழுத்து

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்யப்பட்ட திருத்தம், லாரி உள்ளிட்ட போக்குவரத்து வாகனங்களுக்கான ஓட்டுநர் உரிமத்தின் காலத்தை 3 ஆண்டுகளிலிருந்து 5 ஆண்டுகளாக உயர்த்தியது. அதே ஆண்டில் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி என்ற கல்வித் தகுதியும் நீக்கப்பட்டது. பின்னதை நான் வரவேற்கிறேன். ஏட்டுக் கல்வி இல்லாதவர்கள் திறம்பட லாரி ஓட்டுவதை நாடறியும். முன்னதுதான் உறுத்துகிறது. உரிமத்தைப் புதுப்பிக்கும்போதுதானே மருத்துவச் சான்றிதழ் கேட்கப்படுகிறது?

படிவம் 1-ஏ எனப்படும் அச்சான்றிதழில், பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவிலுள்ள வாகனப் பதிவு எண்ணைப் படிக்க முடிகிறதா, மாலைக்கண் உண்டா என்றெல்லாம் மருத்துவர் தெரிவிக்க வேண்டும். கேள்விகளில் பெரிய குறையில்லை. ஆளைச் சரிவரப் பார்க்காமலேயே கையெழுத்திடும் வழக்கம்தான் ஒழிந்தபாடில்லை. சர்க்கரை நோய் விழித்திரையைத் தாக்கத் தொடங்குவது நோயாளிக்கே தெரியாது. அது முற்றுவதற்கு ஐந்தாண்டு இடைவெளி தாராளம்.

எனினும், இடைவெளியைக் குறைத்தால் மட்டும் போதாது. 'தகுதியில்லை' என்று மருத்துவர் எழுதிவிட்டால் அந்த வீட்டில் மறுநாள் அடுப்பெரிவது எப்படி? இந்த அச்சம் உள்ளவரை ஓட்டுநர் நோயை மறைக்கவே செய்வார். நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என வரையறுத்து, 2025 வரை நடைமுறையில் இருந்த 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமும், பொதுவாக ஐந்து பேருக்குக் குறையாமல் பணிபுரிந்த நிறுவனங்களுக்கே பொருந்தியது. ஒற்றை லாரி முதலாளியிடம் வேலை செய்தவர் அதன் வரம்புக்கு வெளியே நின்றார். பரிசோதனையை ஆண்டுதோறும் கட்டாயமாக்கும் அரசு, சிகிச்சைக் காலத்துக்கான ஊதிய இழப்பீட்டையும் அதே ஆணையில் சேர்க்க வேண்டும்.