ஒரு ஜோடி கிளவுஸ், இரண்டு ஜோடிக் கைகள்

போன ஞாயிற்றுக்கிழமை பாகூருக்குப் போயிருந்தேன். மூலநாதர் கோயிலைப் பார்க்கப் போவதாகத்தான் வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். கோயிலையும் பார்த்தேன், பொய் சொல்லக் கூடாது. ஆனால் பத்து மணிக்கு நான் உட்கார்ந்திருந்த இடம், ஏரிப் பக்கம் அறுவடையான வயலை ஒட்டிய ஒரு பொட்டல். அங்கே கிரிக்கெட் மாட்ச் நடந்துகொண்டிருந்தது. ரப்பர் பந்து அல்ல. அசல் சிவப்பு ஸ்டிச் பால்.

மாட்சைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எல்லைக் கயிற்றுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த ஒரு பையனைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். வயது பத்தொன்பது இருக்கும், கல்லூரி மாணவன். ஓவருக்கு ஓவர் தண்ணீர் கொண்டு ஓடினான். பந்து கால்வாயில் விழுந்தால் இறங்கி எடுத்தான். இடைவேளையில் ஒருவர் வேகமாகப் பந்து வீச, அவன் ஸ்டம்புக்குப் பின்னால் நின்று பிடித்துக்கொண்டிருந்தான். வாசகர்களே, விக்கெட் கீப்பரின் தரத்தைக் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் கேட்பது சுலபம். சாதாரணக் கையில் பந்து 'டப்'பென்று அறையும். நல்ல கையில் சத்தமே இராது. இந்தப் பையன் பத்துப் பந்து பிடித்தான். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

"பாத்தீங்களா தம்பி கையை?" என்றார் பக்கத்தில் குந்தியிருந்த பெரியவர்.

"பார்த்தேன். ஏன் ஆடவில்லை?"

"கேப்டனே கீப்பராச்சே!"

விஷயம் அவ்வளவுதான். ஒரு கிரிக்கெட் கோஷ்டியில் பந்து வீசுகிறவர்கள் நாலைந்து பேர். ஒருவர் சரியில்லையென்றால் இன்னொருவருக்கு ஓவர் கிடைக்கும். மட்டையடிப்பவர்களுக்கு ஆறேழு ஸ்தானம் உண்டு. விக்கெட் கீப்பர் ஸ்தானம் ஒன்றே ஒன்று. அதில் ஒருவர் உட்கார்ந்துவிட்டால், அவருக்குக் கை வலித்தாலொழிய அடுத்தவனுக்கு வழியில்லை. அடுத்தவன் நல்லவனாகவும் இருந்துவிட்டால் பிறருடைய கை வலியை வேண்டிக்கொள்ளவும் மனம் வராது!

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்தக் கதையை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தினேஷ் கார்த்திக் இந்தியாவுக்காக முதல் டெஸ்ட் ஆடியது 2004 நவம்பரில். மகேந்திர சிங் தோனி முதல் டெஸ்ட் ஆடியது 2005 டிசம்பரில், அதுவும் நம் சென்னையில். முன்னால் வந்தவர் பின்னால் போனார். 2007 உலகக் கோப்பைக்குக் கார்த்திக் கோஷ்டியோடு போனார். ஒரு மாட்ச்கூட ஆடவில்லை. உலகக் கோப்பையில் அவர் முதன்முதலாக மட்டையெடுத்தது 2019-ல்! 2010 ஜனவரிக்குப் பிறகு அவருடைய அடுத்த டெஸ்ட் 2018 ஜூனில். இடையில் இந்தியா ஆடிய 87 டெஸ்டுகளை அவர் வெளியிலிருந்து பார்த்தார்.

விருத்திமான் சாஹாவின் கதை இன்னும் விநோதம். 2010-ல் நாகபுரி டெஸ்ட் தொடங்கும் காலையில் ரோகித் சர்மாவுக்கு அடிபட்டது, சாஹாவை இறக்கினார்கள். கீப்பராகப் பேர் வாங்கியவருக்கு முதல் டெஸ்ட் கிடைத்தது; கிளவுஸ் கிடைக்கவில்லை. அது தோனியின் கையில் இருந்தது.

மாற்று ஆட்டக்காரர் கீப்பராக நிற்கவே கூடாது என்பதுதான் நெடுங்காலச் சட்டம். 2017 அக்டோபரில்தான் அம்பயர்கள் சம்மதித்தால் நிற்கலாம் என்று திருத்தினார்கள். அந்தத் திருத்தத்தின் பலனை 2025 ஜூலையில் லார்ட்ஸில் பார்த்தோம். ரிஷப் பந்துக்கு விரலில் அடிபட, துருவ் ஜுரெல் கிளவுஸ் போட்டுக்கொண்டு நின்றார். ஆனால் மட்டை பிடிக்க அவருக்கு உரிமையில்லை. விரல் நோவோடு பந்தேதான் ஆடினார். மாற்று ஆள் பிடிக்கும் கேட்சும் ஆட்டக் கணக்கில் அவருடைய தொகையில் சேராது. சமையலெல்லாம் செய்துவிட்டுப் பந்தியில் உட்காராமல் போவது போலத்தான். அடுத்த மாட்சில் பந்துக்குப் பாதத்தில் எலும்பு முறிந்தது. அதன்பின் ஓவல் டெஸ்டில் ஜுரெல் பதினொருவரில் ஒருவரானார். அக்டோபரில் ஆமதாபாத்தில் மேற்கிந்தியருக்கெதிராக 125 அடித்தார்.

அந்த ஓவல் டெஸ்டுக்கு ஜுரெலுக்குப் பின்னால் இரண்டாவது கீப்பராக விமானம் ஏறியவர் யார் தெரியுமல்லவா? நம் கோயமுத்தூர் நாராயண் ஜெகதீசன். சென்னை சூப்பர் கிங்ஸ் அவரை 2018-ல் வாங்கியது. முதல் மாட்ச் ஆட விட்டது 2020-ல். அங்கேயும் முன்னால் நின்றவர் தோனிதான்! 2022 நவம்பரில் அவரை விடுவித்தார்கள். அடுத்த வாரமே விஜய் ஹஸாரே போட்டியில் அருணாசலப் பிரதேசத்துக்கெதிராக 141 பந்தில் 277 ரன் எடுத்தார். அது தொடர்ந்து ஐந்தாவது சதம்.

இங்கேதான் வேப்பமரத்தடிப் பையனுக்கும் ஜெகதீசனுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். ஜெகதீசன் ஓவலில் பெஞ்சில் உட்கார்ந்தார் என்று நாம் பரிதாபப்படுகிறோம். ஆனால் தமிழ்நாட்டுக்கு ஆட வந்தால் அவர் முதல் ஆள். மேலே காத்திருப்பவர் கீழே ஆடிக்கொண்டிருக்கிறார். அதனால் கையில் துருவேறவில்லை. 2025 செப்டம்பரில் துலீப் கோப்பையில் 197 அடித்ததும் அந்தப் பழக்கத்தில்தான். பாகூர்ப் பையனுக்குக் 'கீழே' என்று ஒன்று கிடையாது. அந்த ஊர்க் கோஷ்டிக்கு இரண்டாவது கோஷ்டி இல்லை.

மேலே போகலாமே என்பீர்கள். வில்லியனூர் கொம்யூனில் துத்திப்பட்டு மைதானம் இருக்கிறது. பையன் போய்ப் பார்த்துவிட்டும் வந்திருக்கிறான். 2018-ல்தான் புதுச்சேரிக்கென்று ரஞ்சி கோஷ்டி வந்தது. வந்த முதல் வருஷமே, எட்டு ஆட்டக்காரர்களின் தகுதியைக் கிரிக்கெட் போர்டு போட்டியின் நடுவே ரத்து செய்தது. இந்த ஊர்க்காரர் யார், வெளியூர்க்காரர் யார் என்ற சண்டை அன்றே ஆரம்பமாகிவிட்டது. அபிஷேக் நாயர், பங்கஜ் சிங், பாரஸ் டோக்ரா என்று பேர்பெற்றவர்கள் வந்து ஆடினார்கள். விருந்தாளி ஆட்டக்காரர் மூவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது விதி. புதுக் கோஷ்டிக்குப் பழைய கைகள் வேண்டாமா என்றால், வேண்டும்தான். அதே வருஷம் நவம்பரில், இருபத்துமூன்று வயதுக்குட்பட்டோர் போட்டியில் மணிப்பூருக்கெதிராக ஒரே இன்னிங்ஸில் பத்து விக்கெட்டையும் 31 ரன்னுக்கு வீழ்த்தி, புதுச்சேரியின் பெயரைப் பேப்பரில் போட வைத்தவர் சித்தக் சிங். அவரும் பதினைந்து வயதில் மும்பைக்கு ஆடிவிட்டு வந்தவர்தான். மும்பையில் இடம் தேடியவருக்கு இங்கே இடம் கிடைத்தது, சந்தோஷம். இங்கே இடம் தேடுகிறவன் எங்கே போவான் என்பதுதான் என் கேள்வி.

அமெரிக்காவில் ஒரு ஆட்டம் உண்டு. புட்பால் என்பார்கள், பந்து முட்டை வடிவம், அதைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அதில் 'குவார்ட்டர்பேக்' என்பவன் நம் விக்கெட் கீப்பரைப் போலத்தான்: ஒரே ஸ்தானம். டாம் பிரேடி மிச்சிகன் சர்வகலாசாலையில் படிக்கும்போது முதலில் வருஷக்கணக்கில் பெஞ்சு. பிறகும் இடத்தை இன்னொருவனோடு பங்கு போட வேண்டியிருந்தது. 2000-ல் தொழில்முறைக் கோஷ்டிகள் ஆள் பொறுக்கியபோது 199-வது ஆளாகத்தான் எடுத்தார்கள். 2001-ல் முன்னால் நின்றவருக்கு அடிபட்டது. உள்ளே போனவர் அந்தப் பருவத்திலேயே சாம்பியன் ஆனார். பிரேடி கதையைத்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது வேறு. கல்லூரி ஆட்டக்காரனுக்கு அங்கே நாலு பருவம்தான் கணக்கு. ஒரு பருவத்தில் நாலு மாட்ச் வரை ஆடினால் அந்தப் பருவம் கணக்கில் கழியாது என்று 2018-ல் விதி செய்தார்கள். பின்னால் நிற்கிற பையனையும் அவ்வப்போது தைரியமாக இறக்கிப் பார்க்கலாம் அல்லவா!

மத்தியானம் கேப்டனைப் பிடித்தேன். முப்பது வயதிருக்கும், மில் வேலை, நல்ல மனிதர். மூன்று லீக் மாட்சில் இரண்டை ஜெயித்தாயிற்று. மூன்றாவது தோற்றாலும் அரையிறுதி நிச்சயம் என்று பெரியவர் சொல்லியிருந்தார்.

"மூன்றாவது மாட்சில் பையனை நிற்க வைத்தால் என்ன?" என்றேன்.

கேப்டன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நானும் அதத்தான் சார் யோசிக்கிறேன். அவன் என்னைவிட நல்லாப் புடிப்பான், எனக்குத் தெரியாதா? ஆனா வாரம் பூரா மில்லுல நிக்கிறேன். எனக்கு இருக்கிறது இந்த ஞாயித்துக்கிழமை ஒண்ணுதான் சார்."

இதற்கு என்னிடம் பதிலில்லை. தோனியிடம் கேட்டிருந்தால் இவ்வளவு நேர்மையாகச் சொல்லியிருப்பாரோ என்னவோ! பையனைப் பார்த்தேன். அவன் குனிந்து கேப்டனின் பேடு வாரை இறுக்கிக்கொண்டிருந்தான். காதில் விழாதது போல.

மூன்றாவது மாட்ச் வருகிற ஞாயிறு. வீட்டில் மறுபடியும் மூலநாதரைச் சொல்லியிருக்கிறேன்.