பேரப்பிள்ளைகளும் பிராணி தரிசனமும்

விடுமுறை வந்துவிட்டால் பேரப்பிள்ளைகளை எங்கேனும் அழைத்துச் செல்லவேண்டும் என்னும் ஆசை பாட்டன் பாட்டிமார்க்கு இயற்கையாய் உண்டாவதே. நம் கலாசாலையின் பழைய மாணவரிற் பலர் இப்பொழுது அப்பருவத்தை எய்தியிருக்கின்றனர். யாமும் அவ்வரிசையிலேயே நிற்கின்றோம். எங்கே போகலாமென்று குழந்தைகளைக் கேட்டால், யானை பார்க்கவேண்டும், ஆமை பார்க்கவேண்டும் என்கின்றனர். கோபுரமும் கோட்டையும் அவர்கட்கு இரண்டாம் பட்சமே. ஆதலின் குடும்பப் பிரயாணங்களைப் பிராணிகளை முன்னிட்டு வகுத்துக்கொள்வது நன்று என்பதே எம் துணிபு. ஆனால், அங்ஙனம் வகுக்குங்கால் நம் சௌகரியத்தை முன்னும் பிராணியின் சௌகரியத்தைப் பின்னும் வைக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அது மாறவேண்டும் என்பதை எடுத்துரைக்கவே இதனை எழுதுகின்றோம்.

யாம் சிறுவராயிருந்தபொழுது சர்க்கஸ் கூடாரத்தில் சிங்கம் வளையத்தைத் தாண்டக் கண்டு கைகொட்டினோம். அதனை ஆட்டுவித்த சவுக்கைப் பற்றி நினைத்தோமில்லை. 1998-ஆம் ஆண்டில் இந்திய சர்க்கார் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கி வேடிக்கை காட்டலாகாதென விதித்தனர். 2001-இல் உச்சநீதிமன்றமும் அவ்விதியை நிலைநிறுத்தியது. அவ்வேடிக்கை ஒழிந்தது, அதைக் கண்டு மகிழ்ந்த மனப்பான்மை ஒழிந்ததா? பிராணியைத் தொடவேண்டும், அதற்குத் தின்பண்டம் ஈயவேண்டும், அதன் அருகே நின்று படம் பிடித்துக்கொள்ளவேண்டும். இவை கிட்டாவிடில் பிரயாணச் செலவு வீண் என்று எண்ணுவோர் இன்றும் பலராவர்.

இக்குற்றத்திற்கு யாமும் புறம்பானவரல்லோம். சில ஆண்டுகளுக்கு முன் மலைப்பாதையொன்றில் வண்டியை நிறுத்தி, குரங்குக் கூட்டத்திற்கு எம் கையாலேயே பிஸ்கோத்துகளை எறிந்தோம். பேரன் துள்ளி மகிழ்ந்தான். திரும்பி வருகையில் அவன் எம்மைக் கேளாமலே பொட்டலத்தைச் சன்னலுக்கு வெளியே நீட்ட, ஒரு கடுவன் அதனைப் பறித்ததுமன்றி அவன் கையையும் கீறிவிட்டது. மருத்துவசாலையில் ஊசி போட்டுக்கொண்ட குழந்தை எம் முகத்தைப் பார்த்து, “தாத்தா, நீங்கள்தானே கொடுத்துக் காட்டினீர்கள்?” என்றான். விடை சொல்ல எமக்கு வாய் எழவில்லை. பாதையோரத்தில் தீனி பெற்றுப் பழகிய குரங்கு காட்டில் இரை தேடுவதை விட்டு வண்டிகளை எதிர்நோக்கியிருக்கிறது, கெஞ்சுவது பறிப்பதாகிறது, குட்டியோடு சக்கரங்களின் கீழ் மாய்வதும் உண்டு. எம் கருணையென்று யாம் கருதியது அவ்விலங்குக்கும் தீங்கு, குழந்தைக்கும் தீங்கு.

ஆகவே யாம் முதலாவது கூறுவது, பிரயாணத்திற்குரிய நாளைப் பிராணியின் பஞ்சாங்கத்தைப் பார்த்துக் குறிக்கவேண்டும் என்பதே. திருநெல்வேலிக்குத் தெற்கே நாங்குநேரித் தாலுகாவில் கூந்தன்குளம் என்னும் ஊர் உளது. அது 1994-இல் பறவைகள் சரணாலயமாக்கப்பட்டது. மார்கழி, தை மாதங்களில் அங்கே சென்றால் கூழைக்கடாக்களும் நாரைகளும் ஊருக்குள்ளேயே வீட்டு மரங்களிற் கூடுகட்டுவதைக் காணலாம். இமயத்திற்கு அப்பாலிருந்து வரும் வரித்தலை வாத்தையும் குளத்திலே காணலாம். பறவைகள் அஞ்சுமென்று அவ்வூரார் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. பட்டாசு வேண்டுமென்று அடம்பிடிக்கும் குழந்தைக்கு இவ்வொரு செய்தி பத்துப் பாடங்களுக்குச் சமானமன்றோ? வேடந்தாங்கலிலோ, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கிராமத்தார் கலெக்டரிடம் முறையிட்டுப் பறவைகளைச் சுடலாகாதென்னும் உத்தரவைப் பெற்றனர். பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் தம் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தனர். இவ்விரண்டு ஊர்களிலும் பறவையை மட்டுமன்றிப் பறவையோடு வாழத் தெரிந்த மனிதரையும் குழந்தைகள் காண்பர்.

இரண்டாவது, காத்திருக்கப் பழக்கவேண்டும். சென்னைக் கடற்கரையில் தை முதற் பங்குனி வரையிற் கடலாமைகள் இரவில் கரையேறி முட்டையிடுகின்றன. அவற்றுக்குப் பங்குனி ஆமை என்னும் பெயரே பருவத்தை உணர்த்தும். 1988 முதல் அங்கே மாணவர்கள் ஒன்றுகூடி, இரவெல்லாம் மணலில் நடந்து, முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாத்து, குஞ்சுகளைக் கடலில் விட்டுவருகின்றனர். விளக்கொளியைக் கடலின் வெளிச்சமென்று மயங்கி அக்குஞ்சுகள் ஊர்ப்பக்கம் திரும்பி மடிவதைத் தடுப்பதே அவர்கள் தொண்டில் முக்கியமானது. அவர்களோடு நடப்போர் ஆமையைக் காணாமலே திரும்பும் இரவுகளும் உண்டு; மணலில் அது ஊர்ந்த தடம் மாத்திரம் கிடைப்பதும் உண்டு.

குழந்தைகளுக்கு இத்தனை பொறுமை ஏது என்று சிலர் வினவலாம். பொறுமை குழந்தைக்குப் பிறவிக்குணமன்று, பக்கத்திலிருப்பவரிடம் கற்பது. தாய்தந்தையர்க்கு நான்கு நாள் விடுமுறை. அதற்குள் எல்லாவற்றையும் பார்த்துவிடவேண்டும். நமக்கோ அவசரமில்லை. ஒரு குளக்கரையில் ஒரு காலைப்பொழுதை வாளா கழிக்க முதியோராலன்றி யாரால் இயலும்?

பொருளும் உடல்வலியும் இல்லாதார் என் செய்வது என்று கேட்பின், தொலைதூரம் செல்லவேண்டுவதில்லை. ஊர்க் கண்மாயில் மீன்கொத்தி உண்டு. மிருகக்காட்சிசாலையும் கூடாததன்று. 1855-இல் சென்னைப் பட்டணத்தில் தோன்றிய அச்சாலை 1985-இல் வண்டலூரில் விசாலமான இடத்திற்கு மாறிற்று. உறங்கும் புலியை எழுப்பக் கல்லெறியாமல் அங்கே பார்த்து வரலாம். எங்குச் சென்றாலும் விதி ஒன்றே: விலகி நின்று பார்த்தல், ஓசையடக்கல், ஒன்றும் ஈயாதிருத்தல்.

கவலையுற்றோர்க்குப் போதிக்கும்பொழுது நம் ஆண்டவர் வானத்துப் பறவைகளை நோக்குமாறு பணித்தார். அவற்றைப் பிடித்துவரச் சொல்லவில்லை. பழைய மாணவராகிய அன்பர்களே, வரும் தை விடுமுறையில் பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு நீர்நிலைக்குச் செல்லுங்கள். இப்பொழுது பயிலும் மாணவர்களே, உங்கள் பாட்டன் பாட்டிமார் தனியே செல்ல இயலாராயின் நீங்கள் துணை செல்லுங்கள். பிஸ்கோத்துப் பொட்டலத்தை மாத்திரம் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.