கற்பூர மொழி

லாபிஸுக்குக் கிழக்கே, செம்பனைத் தோட்டங்கள் முடிந்து எண்டாவ் ரொம்பின் காடு தொடங்கும் பெக்கோக் வட்டாரத்தில் வாழும் பூர்வகுடிகளான ஜக்குன் மக்களின் பேச்சு மலாய்க்கு மிக நெருங்கிய உறவுடையது என்பதே அதற்குக் கேடாக அமைந்துள்ளது. தீபகற்பத்தின் ஆஸ்லியன் மொழிகளுள் ஒன்றான செமலாய், மலாயினின்று அடியோடு வேறுபட்டது என்பதால் அறிஞர் கவனத்தை ஈர்த்து 2004இல் முழுமையான இலக்கண நூலொன்றைப் பெற்றது. ஜக்குனோ 'மலாயின் கிளைவழக்கு' என்று வகைப்படுத்தப்பட்டு, பள்ளியிலும் சந்தையிலும் பொது மலாயில் கரைவது இழப்பாகவே எண்ணப்படாமல் போகிறது. இம்மக்களிடம் ஒரு காலத்தில் 'பந்தாங் காபூர்' என்னும் விலக்குமொழியும் இருந்தது: கற்பூர மரத்தில் உறையும் பிசான் என்னும் ஆவி அன்றாடச் சொற்களைக் கேட்டால் கற்பூரத்தை மறைத்துவிடும் என்று நம்பிய அவர்கள், அதைத் தேடிக் காட்டில் திரியும் நாட்களில் சோற்றுக்கும் நெருப்புக்கும் விலங்குக்கும்கூட மாற்றுச் சொற்களையே வழங்கினர், இரவில் ஒலிக்கும் சிள்வண்டின் குரலைப் பிசானின் பாட்டாகவும், அருகில் கற்பூரம் இருப்பதன் அறிகுறியாகவும் கொண்டனர். லேக், கெல்சால் என்னும் இருவர் ஜொகூரில் திரட்டிய இச்சொற்கள் 1894இல் அச்சேறின. தமிழர் பச்சைக்கற்பூரம் என்று பாயசத்தில் மரபாக இட்டுவந்தது இம்மர வகையின் விளைபொருளே. அச்சரக்குக்குப் பெயர்போன சுமத்திராவின் பாருஸில் ஐந்நூற்றுவர் வணிகக்குழு 1088இல் தமிழ்க் கல்வெட்டே பொறித்திருக்கிறது. சரக்கின் விலை ஏடுகளில் ஏறிய அளவுக்கு, அதைக் காட்டிலிருந்து கொணர்ந்தோரின் சொற்கள் ஏறவில்லை. கற்பூரத் தொழில் மறைந்தபோது அம்மொழிக்குரிய வேலையும் மறைந்தது. காடு சுருங்கும்போது எஞ்சிய ஜக்குனின் மரப்பெயர்களும் மூலிகைப்பெயர்களும் அவ்வழியே செல்கின்றன.