புண்ணுக்குப் புனுகு பூசலாமா?



"துடைச்சோமா, பூசினோமா, காசை வாங்கினோமான்னு இருடா தம்பி. ரொம்ப யோசிச்சா தொழில் ஓடாது!"

பயிற்சிக்குப் போன இடத்தில் ஒரு மூத்த அண்ணன் எனக்குச் சொன்ன அறிவுரை இது. அன்றைக்குத் தலையாட்டிவிட்டேன். அப்படித் தலையாட்டியதற்கு என்ன விலை கொடுத்தேன் என்பதைத்தான் இந்த மலரில் எழுதுகிறேன். ஆட்டோமொபைல் மாணவர்கள் மட்டுமல்ல, மெக்கானிக்கல், சிவில் நண்பர்களும் படிக்க வேண்டுகிறேன். விஷயம் எல்லோருக்கும் பொதுவானது.

ஒரு வெள்ளைக் கார் செராமிக் கோட்டிங் போட வந்தது. மறுநாள் வீட்டில் முகூர்த்தம். வண்டி சாயங்காலமே வேண்டும் என்றார் உரிமையாளர். உச்சி வெயிலில் போர் தண்ணியை அடித்துக் கழுவினேன். துடைத்தேன். பூசினேன். கண்ணாடி மாதிரி மின்னியது. எனக்கோ பெருமை தாங்கவில்லை! பத்து நாளில் அவர் திரும்பி வந்தார். கதவின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் பொடிப்பொடியாகத் துரு. பானெட்டில் வட்ட வட்டமாக உப்புத் தண்ணிக் கறை. வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை போலக் கீறல்கள். அவர் கோபப்படக்கூட இல்லை. "தம்பி, நல்லாத்தான் பளபளக்குது. அழுக்கும் சேர்ந்து பளபளக்குதே!" என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்கு மூன்று வருடப் படிப்புக்குச் சமம்.

அழுகிய புண்ணுக்குப் புனுகு பூசுவது என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, நான் செய்தது அதைத்தான்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ஆலையிலிருந்து வரும் காரின் பெயின்ட், எல்லா அடுக்கும் சேர்த்து, சுமார் 100 முதல் 130 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றரை, இரண்டு சேர்ந்த கனம், அவ்வளவுதான்! அதில் மேலே இருக்கும் கிளியர் கோட் 40 மைக்ரான் அளவில் இருக்கும். நாம் பூசும் செராமிக் கோட்டிங்கோ ஓரிரு மைக்ரான். இத்தனை மெல்லிய படலம் எந்தப் பள்ளத்தை நிரப்பும்? எந்தக் கறையை மறைக்கும்? அடியில் இருப்பதை அப்படியே பூட்டி வைக்கும். பிறகு அதை எடுக்க வேண்டுமானால் பஃப் வைத்துத்தான் தேய்க்க வேண்டும். கோட்டிங்கோடு கிளியர் கோட்டும் கொஞ்சம் போகும். போனது திரும்பி வராது.

அந்த ஆரஞ்சுப் புள்ளிகள் எங்கிருந்து வந்தன? பிரேக் பிடிக்கும்போது டிஸ்க்கும் பேடும் தேய்ந்து, சூடான இரும்புத் தூள் பறக்கிறது. வீலில் அதிகமாகவும், கதவின் அடியில் கொஞ்சமும் அது குத்திக்கொண்டு நிற்கிறது. சோப்புத் தண்ணிக்கு அது அசையாது. தயோகிளைகோலேட் கலந்த திரவத்தை அடித்தால் இரும்போடு சேர்ந்து ஊதா நிறமாக வழியும். நாம் படித்த கெமிஸ்ட்ரி கண்ணெதிரே ஓடுகிறது! அது காய்வதற்குள் நிறைய தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும். வெயிலில் கொதிக்கும் தகரத்தில் அடிக்கவே கூடாது.

ஆக, வரிசை இதுதான். நிழலில் நிறுத்தி, சூடு ஆறவிட்டு, முதலில் வீல். வீலுக்குத் தனி வாளி, தனி பிரஷ். பிறகு பாடி. அதன் பிறகு இரும்பு நீக்கும் திரவம். விரலால் தடவி இன்னும் சொரசொரப்பு இருந்தால், வழுக்கத் தண்ணீர் தெளித்துக் களிமண் போன்ற கிளே கட்டியால் மெதுவாக இழுக்க வேண்டும். கனத்தை மீட்டரில் அளந்து பார்த்த பிறகே பாலிஷ். கடைசியாக, பாலிஷ் எண்ணெய் துளியும் இல்லாமல் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலவையால் துடைப்பு. இதெல்லாம் முடிந்தால்தான் கோட்டிங் பாட்டிலைத் திறக்கலாம். வீலுக்குப் பூசும்போது பிரேக் டிஸ்க் முகத்தில் ஒரு சொட்டும் படக்கூடாது. கழற்றிய வீலை மாட்டும்போது டார்க் ரெஞ்ச் போட மறக்கக் கூடாது. பளபளப்பை விட உயிர் பெரிது, நண்பர்களே!

சிவில் நண்பர்கள் பாம்பனை நினைத்துப் பாருங்கள். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலம் ஒரு நூற்றாண்டு முழுக்க உப்புக் காற்றோடு மல்லுக்கட்டியது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குப் பாலிசிலாக்சேன் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். சிலிக்கானும் ஆக்சிஜனும் கைகோத்த பூச்சு. நம் கார் கோட்டிங்குக்கு ஒரு வகையில் பங்காளி முறை! அங்கேயும் சட்டம் ஒன்றே. துருவின் மேல் பூசினால் எந்தப் பூச்சும் நிற்காது. சுவரில் பாசி சுரண்டாமல் வெள்ளை அடித்தால் என்ன ஆகும் என்று நம் வீட்டுப் பெயின்டரைக் கேட்டாலே சொல்வார்.

இனி என் கருத்துக்கு வருகிறேன். பூசுவதற்கு ஆகும் நேரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு நேரம் தயார் செய்வதற்கு ஆகிறது. ஆனால் காசு பூச்சுக்குத்தான். கழுவுகிற பையனுக்குப் பெயரும் இல்லை, கூலியும் சொற்பம். கையுறை கிடையாது, முகமூடி கிடையாது. வீல் சீக்கிரம் வெளுக்க வேண்டுமென்று சில இடங்களில் ஆசிட் கொடுத்துவிடுகிறார்கள். சில வீல் கிளீனர்களில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கும். அது தோலுக்குள் இறங்கி எலும்பின் கால்சியத்தையே தாக்கும். பட்ட உடனே வலி தெரியாமலும் போகலாம். வீல் வெளுக்க ஒரு பையனின் கை போக வேண்டுமா?

அதனால் இரண்டு கோரிக்கை வைக்கிறேன். நம் சங்கம், பயிற்சிக்குப் போகும் ஒவ்வொரு மாணவனுக்கும் கையுறை, முகமூடி கேட்டுப் பெற வேண்டும். நாளைக்கு நாமே சூப்பர்வைசராகவோ முதலாளியாகவோ உட்காரும்போது, பில்லில் "மேற்பரப்பு தயாரிப்பு" என்று தனி வரி எழுதி, அந்தக் காசைக் கழுவினவன் கையில் கொடுக்க வேண்டும்.

அந்த வெள்ளைக் காரை நானும் அந்த அண்ணனும் இரண்டு நாள் உட்கார்ந்து முதலிலிருந்து செய்தோம். கூலி வாங்கவில்லை. கிளே கட்டியை மடித்துக்கொண்டே அண்ணன் சொன்னார்: "நீ சொன்னது சரிதான்டா. ஆனா அவசரம்னு ஒருத்தர் வந்து நின்னா, முடியாதுன்னு யார் சொல்றது?"

நாம்தான் சொல்ல வேண்டும், நண்பர்களே. டிப்ளமோ வாங்குவது அதற்கும் சேர்த்துத்தான்!