கரை அரிகிறது, குழாய் வெளியே தெரிகிறது. யார் பார்க்கிறார்கள்?



சீனன்குடா, வெள்ளைமணல், நாச்சிக்குடா, கிண்ணியா உறவுகளே, இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் எடுத்து வாசியுங்கள். வாசித்த பிறகு வீட்டில் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

போன மாரி முடிந்து பாடசாலை தொடங்கிய வாரம், எங்கள் பாடசாலையில் தரம் 7 பிள்ளைகளுக்கு மண்ணரிப்புப் பாடம் நடந்தது. "உங்கட ஊர்ல மண்ணரிப்பு எங்க கண்டிருக்கிறீங்க?" என்று கேட்டதற்கு ஒரு பிள்ளை எழும்பிச் சொன்னது: "சேர், எங்கட ஓடையில இப்ப குழாய் தெரியுது. முந்தி தெரியாது. அதுல இருந்துதான் நாங்க தூண்டில் போடுற."

"அதுக்குள்ள என்ன போகுது?"

"தெரியா சேர்."

பக்கத்தில் இருந்த பிள்ளை, "அது பழைய குழாய், ஒண்டும் இல்ல" என்றது. பின்வாங்கில் இருந்து இன்னொன்று, "சில நாளைக்கு எண்ணெய் மணக்கும் சேர்" என்றது.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் இரண்டு ஆசிரியர்கள் போய்ப் பார்த்தோம். ஏறக்குறைய ஒரு வகுப்பறை நீளத்துக்குக் குழாய் வெளியே கிடந்தது. அடியில் மண் இல்லை, தண்ணீர் ஓடுகிறது. மேல்பூச்சு உரிந்து துரு தெரிந்தது. கிழிந்த வலை சிக்கியிருந்தது. யாரோ அதிலேயே தோணியையும் கட்டியிருந்தார்கள். அறிவிப்புப் பலகை ஒன்றும் இல்லை. அங்கே நின்ற பெரியவர்களிடம் கேட்டோம். ஒருவர் வெள்ளைக்காரன் காலத்து எண்ணெய்க் குழாய் என்றார். ஒருவர் தண்ணீர்க் குழாய் என்றார். மற்றவர் அது பாவனையில் இல்லாதது என்றார். மூன்று பேர், மூன்று பதில்.

அது யாருடைய குழாய் என்று சண்டை பிடிக்க நாங்கள் இதை எழுதவில்லை. பிள்ளைகள் ஏறி உட்காரும் ஒரு குழாய்க்குள் என்ன இருக்கிறது என்பது ஊரில் ஒருவருக்கும் தெரியாது என்றால், அதுவே ஆபத்து. அதைச் சொல்லத்தான் எழுதுகிறோம்.

நமது ஊர் சாதாரண ஊர் அல்ல. பிரித்தானியர் தங்கள் கடற்படைக்காகக் கட்டிய எண்ணெய்த் தாங்கித் தொகுதி நம் தலைமாட்டில் இருக்கிறது. இன்று நிற்பவை 99 தாங்கிகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 தொன் கொள்ளும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது ஒரு தாங்கி எரிந்த கதையை நம் வாப்பாமார், அப்பாமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். தாங்கிகளை எல்லோருக்கும் தெரியும். ஆனால் எண்ணெய் கப்பலில் இருந்து தாங்கிக்குத் தானாகப் போகாது. இறங்குதுறையில் இருந்து குழாய் வழியாகத்தான் போக வேண்டும். தாங்கி கண்ணுக்குத் தெரிகிறது, குழாய் மண்ணுக்குள் இருக்கிறது. அதனால் அதை மறந்துவிடுகிறோம்.

இனி இது கூடப்போகிறது. 2022 ஜனவரியில் கைச்சாத்தான ஒப்பந்தப்படி 61 தாங்கிகளை இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் லங்கா ஐஓசியும் சேர்ந்த கூட்டு நிறுவனம் அபிவிருத்தி செய்ய வேண்டும். 2025 ஏப்ரலில் திருகோணமலையை எரிசக்தி மையமாக்க இலங்கை, இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம் மூன்றும் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்தன. இந்தியாவில் இருந்து இலங்கைக்கு எரிபொருள் குழாய் போடும் பேச்சும் நடக்கிறது. பழைய குழாய்களுக்கே கணக்குத் தெரியாத ஊருக்குப் புதிய குழாய்களும் வரப்போகின்றன.

புதைத்த குழாய் எப்படி வெளியே வருகிறது? குழாய் மேலே வரவில்லை, மண்தான் கீழே போகிறது. நம்முடையது உள்துறைமுகம், பெரிய அலை அடிக்காது என்பது உண்மைதான். ஆனால் மாரியில் மேட்டு நிலத்து வெள்ளம் முழுவதும் ஓடைகளால்தான் குடாவுக்கு வருகிறது. கண்டல் மரத்தை வெட்டிய கரை அந்த வெள்ளத்துக்கு நிற்காது. மணல் அள்ளிய இடத்தில் அடித்தளம் தாழ்ந்து போகும். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது மாவிலாறு அணைக்கட்டே உடைப்பெடுத்ததைக் கண்டோம். அணையையே உடைத்த வெள்ளத்துக்கு, குழாய்க்கு மேல் கிடக்கும் மூன்றடி மண் எம்மாத்திரம்? குழாய் போட்டவர்களின் வரைபடத்தில் அது இன்னும் "புதைக்கப்பட்டது" என்றே இருக்கும்.

வெளியே வந்த குழாய்க்கு என்ன நடக்கிறது என்பதை, வகுப்பில் சொன்ன மாதிரியே இங்கேயும் சொல்கிறோம்.

முதலாவது துரு. எப்போதும் நனைந்திருக்கும் இரும்பைவிட, உப்புத் தண்ணீரில் நனைந்து காய்ந்து, திரும்ப நனையும் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். வற்றும் பெருகும் இடத்தில் கிடக்கும் குழாயின் நிலை இதுதான்.

இரண்டாவது, அடியில் தாங்கல் இல்லை. கீழே ஓடும் தண்ணீர் குழாயை இடைவிடாமல் அதிரவைக்கும். ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டிருந்தால் கடைசியில் முறியும் அல்லவா? அதே கதைதான். பொருத்து இருக்கும் இடம் முதலில் விடும்.

மூன்றாவது, அடி படுவது. நங்கூரம், இயந்திரப் படகின் விசிறி, வெள்ளத்தில் அடித்து வரும் மரக்குற்றி எல்லாம் அதில்தான் படும்.

நான்காவதுதான் பெரிய பயம். பெற்றோல் தண்ணீரில் மிதக்கும். அதன் ஆவி காற்றைவிடப் பாரமானது, மேலே போகாமல் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு பரவும். ஒரு பீடி, ஒரு இயந்திரப் பொறி போதும். "பாவனையில் இல்லாத குழாய்தானே" என்று நினைக்கவும் முடியாது. உள்ளே மிச்ச எண்ணெய் இருக்கலாம், ஆவி இருக்கலாம். பழைய இரும்புக்கு விற்கலாம் என்று வாயுவால் வெட்டப் போகிறவர் தன் உயிரைத்தான் வெட்டுகிறார்.

இது கற்பனைப் பயம் அல்ல. நமக்கு நன்றாகத் தெரிந்த நாகூரையே எடுங்கள். கந்தூரி என்றால் நம் ஊர்களில் இன்றும் பேர் சொல்லப்படும் நாகூர். 2023 மார்ச் 2ஆம் திகதி இரவு, நாகூர் பட்டினச்சேரிக் கடற்கரையில் சென்னைப் பெட்ரோலியம் நிறுவனத்தின் மசகு எண்ணெய்க் குழாய் உடைந்து கடலில் எண்ணெய் கலந்தது. கண் எரிகிறது, மூச்சு முட்டுகிறது என்று கரையோர மக்கள் சொன்னார்கள். மீனவர்கள் தொழிலை விட்டுப் போராட்டத்தில் இறங்கினார்கள். "ஒட்டுப்போட வேண்டாம், குழாயையே எடுங்கள்" என்பதுதான் அவர்களின் கோரிக்கை. கடைசியில் குழாயை அகற்றுவது என்று முடிவானது. இந்தியாவில் இருந்து நமக்குக் குழாய் போடும் பேச்சில் அடிபடும் பெயர் நாகப்பட்டினம் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்தக் கரையின் அனுபவம் நாளை நம் கரையின் பாடம்.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 2018 செப்டெம்பரில் கொழும்புக்கு வடக்கே உஸ்வெட்டகெய்யாவ கரையில் குழாயில் இருந்து கசிந்த எண்ணெய் ஒதுங்கி, கடற்படையும் கரையோரக் காவற்படையும் இறங்கித் துப்புரவு செய்தன.

பிரேசிலின் குபதாவோ நகரில் நடந்தது இன்னும் கொடுமை. விலா சொக்கோ என்ற ஏழைக் குடியிருப்பு. கண்டல் சதுப்பில் கால் நட்டுக் கட்டிய பலகை வீடுகள், அதற்கடியில் பெற்றோல் குழாய். 1984 பெப்ரவரியில் ஒரு இரவு குழாய் கசிந்து, சதுப்புத் தண்ணீரின் மேல் பெற்றோல் பரவி, நெருப்புப் பிடித்தது. அரசாங்கக் கணக்கிலேயே 93 பேர் இறந்தார்கள்.

இவற்றைவிட நாம் படிக்க வேண்டிய பாடம் அமெரிக்காவில் இருக்கிறது. 1989 ஒக்டோபர் 3ஆம் திகதி, டெக்சாஸ் கரைக்குக் கிட்ட, சபைன் பாஸ் என்ற இடத்தில் நோர்தம்பர்லாண்ட் என்ற மீன்பிடிக் கப்பல் 16 அங்குல எரிவாயுக் குழாயில் முட்டியது. தண்ணீரின் ஆழம் ஏறக்குறைய பத்தடிதான். புதைந்திருக்க வேண்டிய குழாய் வெளியே கிடந்தது, யாருக்கும் தெரியவில்லை. வாயு பீறிட்டு நெருப்புப் பற்றியது. கப்பலில் இருந்த 14 பேரில் 11 பேர் இறந்தார்கள். மீன் பிடிக்கப் போனவர்கள்.

அதற்குப் பிறகுதான் அங்கே சட்டம் வந்தது. மெக்சிக்கோ வளைகுடாவில் 15 அடிக்குக் குறைந்த ஆழத்தில் போகும் குழாய்களைச் சோதித்துப் பார்க்க வேண்டும். வெளியே தெரிந்தால் 24 மணித்தியாலத்துக்குள் அரசுக்கு அறிவிக்க வேண்டும். 7 நாட்களுக்குள் அந்த இடத்துக்கு அடையாளம் போட வேண்டும். 6 மாதத்துக்குள் திரும்பப் புதைக்க வேண்டும்.

இதில் பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. பார், சொல், அடையாளம் போடு, மூடு. அவ்வளவுதான். ஆனால் அந்த நான்கு சொல்லை எழுத அங்கே 11 மையித்து விழ வேண்டியிருந்தது.

நமக்கு இது புதுப் பாடமும் இல்லை. 2021 நவம்பர் 23ஆம் திகதியை கிண்ணியாவில் யாரும் மறக்க முடியாது. குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை கவிழ்ந்து, பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளைக் களப்பில் இருந்து தூக்கினோம். அந்தப் பாதை ஆபத்து என்று அதற்கு முதல் நாள்வரை ஊரில் பேசாத ஆள் இல்லை. பேசினோம், ஏறினோம், இறங்கினோம், பழகிவிட்டோம். பிறகு அழுதோம். வெளியே தெரியும் குழாயின் மேல் பிள்ளை உட்கார்ந்து தூண்டில் போடுவதைப் பார்த்துக்கொண்டு போவதும் அதே பழக்கம்தான்.

பாதையில் கிடக்கும் தீங்கை எடுத்துப் போடுவது ஈமானின் ஒரு கிளை என்று சிறுவயதிலேயே மத்ரஸாவில் படித்தவர்கள் நாம். முள்ளையும் கல்லையும் மட்டும் நினைத்துக்கொள்கிறோம். தோணி போகிற ஓடையும் பாதைதான்.

நாம் கேட்க வேண்டியவை இவை:

1. நம் பிரதேசத்தின் கரையிலும் ஓடைகளிலும் போகும் எல்லாக் குழாய்களின் வரைபடம் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் மக்கள் பார்க்கும்படி இருக்க வேண்டும். யாருடையது, உள்ளே என்ன, பாவனையில் உள்ளதா என்பதும் அதில் வேண்டும்.

2. ஒவ்வொரு மாரி முடிந்ததும் குழாய்க்குரியவர்கள் ஓடை ஓடையாக நடந்து பார்க்க வேண்டும். மீனவர் சங்கத்தில் ஒருவரையும் கூட்டிப் போக வேண்டும். எங்கே மண் போயிருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

3. வெளியே தெரியும் இடத்தில் தமிழிலும் சிங்களத்திலும் பலகை வேண்டும், தொலைபேசி இலக்கத்தோடு. தண்ணீருக்குள் என்றால் மிதவை வேண்டும்.

4. பாவனையில் உள்ளதைத் திரும்பப் புதைக்க வேண்டும். பாவனையில் இல்லாததைச் சுத்தம் செய்து அகற்ற வேண்டும். இரண்டுக்கும் காலக்கெடு வேண்டும்.

கேட்பதற்கு வழியும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரசையும் அரச நிறுவனத்திடம் எழுத்தில் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகம், கோவில் நிர்வாகம், மீனவர் சங்கம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம் நான்கும் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் அதற்கு ஒரு பாரம் இருக்கும். குழாய் வெடித்தால் அது தமிழன் வீடு, முஸ்லிம் வீடு, சிங்களவன் வீடு என்று பார்க்காது. கடிதத்தை எழுதித் தர நாங்கள் ஆயத்தம்.

"இதைக் கிளறினால் ஊருக்கு வரும் வேலை போய்விடும்" என்று சிலர் சொல்வார்கள். தாங்கி வேண்டாம், அபிவிருத்தி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நம் பொடியன்மாருக்கு வேலை வேண்டும்தான். கோடிக்கணக்கில் முதலீடு செய்ய வருகிறவருக்கு ஒரு பலகை நடுவதும், மாரி முடிந்து ஒரு தரம் நடந்து பார்ப்பதும் பெரிய செலவல்ல. அந்தச் சின்னச் செலவைக்கூடக் கேட்டால் ஓடிவிடுவார் என்றால், பெரிய விபத்து வந்தால் நம்மோடு நிற்பாரா?

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். குழாயில் உட்காரவோ தோணி கட்டவோ வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பழைய இரும்புக்காக யாரும் வெட்டுவதைக் கண்டால் தடுங்கள். எண்ணெய் மணம் வந்தால், தண்ணீரில் எண்ணெய்ப் படலம் தெரிந்தால், இயந்திரத்தை இயக்காமல், நெருப்புக் கொளுத்தாமல், காற்று வரும் பக்கமாக விலகிப் போய், அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, பொலிஸுக்கு 119 அழையுங்கள். வாளி கொண்டு எண்ணெய் அள்ளப் போகாதீர்கள்.

உங்கள் பக்கத்து ஓடையிலும் குழாய் வெளியே தெரிந்தால், தூர நின்று படம் எடுத்து, இடத்தின் பெயரோடு கீழே போடுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து நாமே ஒரு பட்டியல் செய்வோம். கடிதத்தோடு அதையும் கொடுப்போம்.

அடுத்த மாரிக்கு முதல் இதைச் செய்து முடிக்க வேண்டும். குழாயைப் பற்றிச் சொன்ன அந்தப் பிள்ளை ஒவ்வொரு நாளும் எங்கள் முன்வாங்கில்தான் இருக்கிறது. "சேர், போய்ப் பார்த்தீங்களா?" என்று கேட்கிறது. பார்த்தோம் என்று சொல்லிவிட்டோம். "பிறகு?" என்று கேட்டால் சொல்ல ஒரு பதில் வேண்டும்.

அல்லாஹ் நம் பிள்ளைகளையும் நம் கரையையும் பாதுகாப்பானாக. ஆமீன்.