ஆள் இல்லாத மைதானத்தில் அடிச்ச தங்கமா?

1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் நம்ம ஆக்கி அணி வென்ற தங்கத்தை இன்னைக்கும் சிலர் கிண்டல் செய்கிறார்கள். ஆப்கானிஸ்தானில் ரஷிய படை புகுந்ததால் அமெரிக்கா புறக்கணித்தது. பல நாடுகளும் பின்னாலேயே ஒதுங்கின. 1976-ல் முதல் 5 இடம் பிடித்த நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, பாகிஸ்தான், நெதர்லாந்து, மேற்கு ஜெர்மனி ஆக்கி அணிகளில் ஒன்றுகூட வரவில்லை. அது நெசம்தான். நாம அப்போ 7-வது இடம். தான்சானியாவை 18-0 என நொறுக்கியதில் பெருமை பேச ஒண்ணுமில்லை.

ஆனால் பைனல்? லீக்கில் 2-2 என தண்ணி காட்டிய அதே ஸ்பெயின். 3-0 என முன்னிலை பெற்றும் விடாமல் துரத்தினார்கள். 4-3 என மூச்சு வாங்கித்தான் ஜெயித்தோம். கேப்டன் நம்ம தமிழ்நாட்டு பாஸ்கரன். வராதவனுக்காக வாசல்ல காத்திருக்கவா முடியும்?

அதுக்கப்புறம் ஆக்கி தங்கம் வரவே இல்லை. 2021-ல் நடந்த டோக்கியோ, 2024 பாரீஸ் ரெண்டிலும் வெண்கலம்தான்.